யாருமற்ற நிலமா? – கீழ்க் கலிபோர்னியப் பிரயாண நூல்கள் பற்றி ஒரு மதிப்பீடு

பிரயாண இலக்கியத்தை நமது விமர்சகர் பெரும்பாலும் பொழுதுபோக்கு நூல்களின் வரிசையிலேயே வைத்துவிடுகின்றனர். நாவலையும் சிறுகதையையும் சமுதாயப் பின்னணியில் நிறுத்தி ஆராயும் அதே கை, பிரயாண நூலொன்றை எடுத்தவுடன் தளர்ந்துவிடுகின்றது. 'கண்டதைக் கண்டவாறு எழுதியிருக்கிறார்' என்று ஒரு வாக்கியம் சொல்லி முடித்துவிடுகின்றோம். கண்டதைக் கண்டவாறு எழுதுதல் அத்துணை எளிய காரியமா? காண்பவன் எங்கிருந்து வருகின்றான், எவருடைய செலவில் வருகின்றான், எதைக் காணும் ஆயத்தத்தோடு வருகின்றான் என்பனவே அவன் கண்ணிற்படுவதைத் தீர்மானிக்கின்றன. கண்ணிற்படாமற் போவதையும் அவையே தீர்மானிக்கின்றன. ஆதலின், ஒரு பிரயாண நூலை மதிப்பிடும்போது அதில் இருப்பதை மாத்திரமன்றி, இருந்திருக்க வேண்டியும் இல்லாது போனதையும் கணக்கெடுத்தல் விமர்சகனின் கடமையாகின்றது.

இதனை விளக்குதற்கு மெக்சிக்கோவின் வடமேற்கிலுள்ள கீழ்க் கலிபோர்னியக் குடாநாட்டைப் பற்றிய நூல்கள் மிகவும் பொருத்தமானவை. ஐக்கிய அமெரிக்காவின் எல்லையிலிருந்து தெற்கே ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர் அளவில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம் அது. மேற்கே பசிபிக் சமுத்திரம். கிழக்கே, கோர்த்தெஸ் கடல் எனவும் வழங்கும் கலிபோர்னிய வளைகுடா. நடுவே மலைத்தொடரும், மழை அருகிய பாறைவெளியும், பனைபோல் உயர்ந்து நிற்கும் கள்ளிகளும். இக்குடாநாட்டை வடக்கிருந்து தெற்குவரை ஊடறுத்துச் செல்லும் 1,711 கிலோமீற்றர் நீளப் பெருந்தெரு 1973 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அத்தெருவழியே மோட்டார் வாகனத்திற் சென்று, பழைய ஸ்பானிய மிஷன் கோயில்களையும் ஆளரவமற்ற கடற்கரைகளையும் கண்டு திரும்புதல் வடஅமெரிக்கரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தோடு ஒரு நூல்வரிசையும் வளர்ந்துள்ளது.

இந்நூல்வரிசைக்கென ஒரு வாய்பாடு உண்டு. எல்லை கடக்கப்படும், நகரத்து இரைச்சல் பின்னே மறையும், கள்ளிக்காடு விரியும். மலைப்பள்ளத்தாக்கொன்றில், பேரீச்ச மரங்களினிடையே, இருநூறு ஆண்டு கடந்த கற்கோயில் ஒன்று தோன்றும். எழுத்தாளர் அதன் குளிர்ந்த தரையிற் சற்று நேரம் நின்று காலத்தின் நிலையாமையை எண்ணுவார். பின்னர் கடற்கரை, கூடாரம், இரவு, நட்சத்திரங்கள். 'இங்கு எவருமில்லை' என்பதே இவ்வாய்பாட்டின் உச்சமான ஆனந்தம். இவ்விடத்தில் வாசகன் கேட்கவேண்டிய வினா மிக எளியது. எவருமில்லாத நிலத்தில் இத்துணைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யாவர்? யாவர் தொழுவதற்காக அது கட்டப்பட்டது? அவர்கள் எங்கே?

அவ்வினாவுக்கு விடை காண்பதன் முன், கலிபோர்னியா என்னும் பெயரையே சற்று நோக்குதல் வேண்டும். அப்பெயர் அந்நிலத்து மக்கள் வைத்ததன்று. ஒரு கற்பனை நூலிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் வெளிவந்த, கார்சி ரொட்ரிகேஸ் தெ மொந்தால்வோ என்பார் எழுதிய 'எஸ்பிளாந்தியானின் வீரச்செயல்கள்' என்னும் வீரசாகசக் கதையில், இந்தியத் தேசங்களின் வலப்பக்கத்தே கலிபோர்னியா என்றொரு தீவு உண்டென்றும், அங்கு கறுநிறப் பெண்கள் மாத்திரமே வாழ்ந்தனரென்றும், பொன்னைத் தவிர வேறு உலோகம் அங்கு இல்லையென்றும் சொல்லப்பட்டுள்ளது. பொன்னும் முத்தும் தேடிப் புறப்பட்ட ஸ்பானியர் இக்குடாநாட்டைத் தீவென மயங்கி அப்பெயரை அதற்கு வழங்கினர். 1605இல் வெளிவந்த 'டொன் கிஹோத்தே'யில், நாயகனின் மதியைக் கெடுத்த நூல்களைப் பாதிரியாரும் நாவிதனும் சோதிக்கும் இடத்தில், முதன்முதல் முற்றத்தில் எறியப்படுவது இந்நூலே என்பது நினைவுகூரத்தக்கது. செர்வாந்தெஸ் நூலை எரிக்கக் கொடுத்தார். ஆனால் அந்நூலின் பெயர் ஒரு நிலத்தின்மீது நிலைத்துவிட்டது. நிலத்தைக் காணுமுன் நிலத்தைப் பற்றிய கனவை எழுதிவிடும் வழக்கம் அன்றே தொடங்கியது எனலாம்.

உண்மையில் அக்குடாநாட்டில் மக்கள் வாழ்ந்தனர். தெற்கே பெரிக்கூ மக்கள், அவர்க்கு வடக்கே குவைக்கூரா மக்கள், நடுப்பாலையில் கொச்சிமீ மக்கள், எல்லையோரத்தில் இன்றும் வாழும் கிலீவா, பாய்பாய், குமியாய், குக்கப்பா மக்கள். வேட்டையும் மீன்பிடியும் கிழங்கும் கள்ளிப்பழமும் அவர்தம் வாழ்வுக்கு ஆதாரம். நீர்ச்சுனைகளை அறிந்து, பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து, அந்நிலம் தாங்கக்கூடிய அளவில் வாழும் அறிவை அவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சேகரித்து வைத்திருந்தனர்.

1697 ஒக்டோபரில் இயேசு சபையைச் சேர்ந்த ஹுவான் மரியா தெ சால்வத்தியெர்ரா லொரேற்றோ என்னுமிடத்தில் முதலாவது நிலையான மிஷனை நிறுவினார். 1699இல் மலைக்குள்ளே சான் ஹாவியர், 1705இல் முலெஹே, 1728இல் சான் இக்னாசியோ என அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பரந்தன. படைவீரரும் குருமாருடன் சென்றனர். மிஷன்களின் செலவுக்கென மெக்சிக்கோவின் செல்வந்தர் அளித்த பணமும் பண்ணைகளும் 'புண்ணிய நிதி' என்ற பெயரிற் சேர்க்கப்பட்டன. சிதறி வாழ்ந்த மக்கள் கோயிலைச் சுற்றி அழைக்கப்பட்டனர். உழவும் கட்டிடவேலையும் கற்பிக்கப்பட்டனர். ஆனால் சுனையை அண்டிய சிறு வயல்கள் எல்லோருக்கும் உணவளிக்கப் போதுமானவையல்ல. ஆகவே பல மிஷன்களில் மக்கள் முறைவைத்து வந்து சில நாட்கள் தங்கித் திரும்பவும் பாலைக்குச் சென்றனர். வந்து கூடிய இடத்திலிருந்து அவர்கள் கொண்டு சென்றது ஜெபம் மாத்திரமன்று. பெரியம்மையும் சின்னமுத்தும் மேகநோயும் அவர்களோடு சென்றன.

புவியியலாளர் ஹோமர் ஆஷ்மன் 1959இல் வெளியிட்ட ஆய்வில், மிஷன்கள் தோன்றுமுன் அக்குடாநாட்டின் மிஷன் பகுதிகளில் 40,000 பேர் அளவில் வாழ்ந்திருக்கலாம் என மதிப்பிட்டார். 1768இல் ஸ்பானிய மன்னரின் ஆணைப்படி இயேசு சபையினர் வெளியேற்றப்பட்டபோது எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 7,000 பேர். மதிப்பீடுகள் கூடலாம், குறையலாம், திசை மாறாது. எழுபது ஆண்டுகளில் ஒரு சமுதாயம் கரைந்து போயிற்று. அது வாய்மூடிக் கரைந்ததுமன்று. 1734இல் பெரிக்கூ மக்கள் கிளர்ந்தெழுந்து இரு குருமாரைக் கொன்றனர். பலதார மணத்தைத் தடைசெய்தமை அதற்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. கிளர்ச்சி 1737அளவில் படைபலத்தால் அடக்கப்பட்டது.

இனி அக்கோயில்களின் ஆண்டுகளை நோக்குவோம். பிரயாணிகள் வியந்து நிற்கும் சான் இக்னாசியோவின் எரிமலைக்கற் கோயில் நிறைவெய்தியது 1786இல். இயேசு சபையினர் போய்ப் பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், தொமினிக்கன் சபையினர் காலத்தில். சான் போர்ஹாவின் கற்கோயில் முடிந்தது 1801இல்; அம்மிஷன் கைவிடப்பட்டது 1818இல். கல் உயர உயர மக்கள் தொகை தாழ்ந்தது. முடிந்த கோயில், தொழுவாரின்றி நின்றது. இவ்வுண்மையை அறிந்தபின் அக்கோயிலின் அமைதியை ஆன்மிக அமைதி என்று மட்டும் எழுதவியலுமா? அது ஒரு கணக்கின் இறுதி வரியுமாகும். அக்கோயிலின் அழகை இதனால் மறுத்தல் வேண்டுமென்பதில்லை. கல்லைச் செதுக்கிய கை அழகானதே. அக்கையைக் கூறாமல் கல்லை மாத்திரம் கூறும் நூல் குறைபட்ட நூல் என்பதே நமது வாதம்.

புண்ணிய நிதியின் கதை இதனினும் தெளிவானது. அந்நிதியின் வட்டியில் தமக்குரிய பங்கு வேண்டுமென ஐக்கிய அமெரிக்கக் கலிபோர்னியாவின் ஆயர்கள் கோரிய வழக்கு, ஹேக் நகரத்து நிரந்தர நடுத்தீர்ப்பு மன்றின் முதலாவது வழக்காக 1902இல் விசாரிக்கப்பட்டு, மெக்சிக்கோவுக்கு எதிராகத் தீர்ந்தது. எவருடைய ஆன்ம ஈடேற்றத்துக்கென அப்பணம் சேர்க்கப்பட்டதோ, அவர்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பாகவேனும் தோன்றவில்லை. பணத்துக்கு வாரிசு இருந்தது, மக்களுக்கு இருக்கவில்லை.

இம்மக்களை நேரிற் கண்டு எழுதியோருள் முதன்மையாக எண்ணப்படுபவர் யோஹான் யாக்கோப் பேகெர்ட். அல்சாஸ் பிரதேசத்தவரான இவ்வியேசு சபைக் குரு, 1751 முதல் 1768 வரை சான் லூயிஸ் கொன்சாகா மிஷனிற் பணிபுரிந்தார். நாடு திரும்பி 1770களின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். பிற்காலத்துப் பிரயாண எழுத்தாளர் பலர் தம் சுவையான துணுக்குகளை எடுத்த சுரங்கம் இந்நூலே. இறைச்சித் துண்டைக் கயிற்றிற் கட்டி விழுங்கி, மீண்டும் வெளியே இழுத்தல். கள்ளிப்பழத்தின் செரிக்காத விதைகளைப் பின்னர் பொறுக்கி வறுத்துண்ணல் முதலிய செய்திகள் வாசகரைச் சிரிக்கவைக்க மீளமீள எடுத்தாளப்படுகின்றன. பசியின் கணக்கு வேடிக்கைக் கதையாகிவிடுகின்றது. ஒரு விதையும் வீணாகக் கூடாதென்னும் நிலைக்கு ஆளான மக்களின் சிக்கனம், அநாகரிகத்தின் அடையாளமாக அச்சேறுகின்றது.

பேகெர்ட்டின் நூல் முரண்பாடுகள் நிறைந்தது. குவைக்கூரா மொழியில் இன்னின்ன நுண்பொருட் சொற்கள் இல்லையென ஒரு பட்டியல் தந்து, அம்மக்களின் அறிவு மழுங்கியது என்று முடிவு கட்டுகின்றார். ஆனால் அதே நூலில், 'எனது, உனது' என்னும் வேறுபாட்டை அவர்கள் அறியாரென்றும், ஐரோப்பாவின் செல்வரைவிட நிம்மதியாக உறங்குகின்றனரென்றும் எழுதுகின்றார். இல்லாத சொற்களைப் பட்டியலிட்டவர், தனியுடைமைக்குரிய சொல் இல்லாமையையும் அப்பட்டியலிற் சேர்த்து நோக்கியிருப்பாராயின், சொல்லுக்கும் சமுதாய அமைப்புக்குமுள்ள தொடர்பு அவருக்குப் புலப்பட்டிருக்கும். எனினும் அவர் பதிந்துவைத்த பரலோக மந்திரத்தின் மொழிபெயர்ப்பும் சில இலக்கணக் குறிப்புகளுமே அம்மொழியைப் பற்றி நமக்கு எஞ்சியுள்ள பிரதான சான்றுகள். இகழ்ந்தவரின் நூலிலேயே இகழப்பட்ட மொழியின் எச்சமும் இருக்கின்றது. வரலாறு இத்தகைய குரூர வேடிக்கைகளைச் செய்வதுண்டு.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கு ஓர் ஒப்பீடு தோன்றுதல் இயல்பு. பேகெர்ட் சார்ந்த அதே சபையைச் சேர்ந்தவர்தாம் வீரமாமுனிவர். அதே நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் தமிழ்நாட்டில் 'தொன்னூல் விளக்கம்' எழுதினார்; 1732இல் 'சதுரகராதி' தொகுத்தார்; 'தேம்பாவணி' பாடினார். ஒரே சபை, ஒரே பயிற்சி. ஒருவர் தாம் சென்ற மண்ணின் மொழிக்கு மாணவராகின்றார், மற்றவர் நீதிபதியாகின்றார். இருவரின் தனிப்பட்ட குணவேறுபாட்டால் மாத்திரம் இதனை விளக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் குருமார் எதிர்கொண்டது ஏடும் எழுத்தும் புலவர் கூட்டமும் அரசாதரவும் வேரூன்றிய ஒரு சமுதாயம். அங்கு மதிப்புப் பெறுதற்குத் தமிழைக் கற்றேயாக வேண்டும், பின்னாற் படைநிற்கவுமில்லை. கீழ்க் கலிபோர்னியாவிலோ எழுத்தற்ற, அரசற்ற, பசித்த மக்கள். குருவின் பின்னே துப்பாக்கி ஏந்திய வீரர். கற்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதவிடத்துக் கற்பதும் அருகிவிடுகின்றது. இதற்கு விலக்கும் உண்டு. சான் ஹாவியர் மிஷனில் நெடுங்காலம் பணியாற்றிய மிகேல் தெல் பார்கோ, கொச்சிமீ மொழியையும் வழக்கங்களையும் பொறுமையோடு எழுதிவைத்தார். அந்தச் சான் ஹாவியர் என்னும் பெயர், நமது முத்துக்குளிக்கும் கரையில் பரதவரிடையே 1540களில் போதித்த அதே சவேரியாருடையது. பார்கோவின் கையெழுத்துப் பிரதி முழுமையாக அச்சேறுவதற்கு 1973 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெருந்தெரு திறக்கப்பட்ட அதே ஆண்டு அது. தெருவிற் சென்றவர் பலர். நூலைத் திறந்தவர் சிலர்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 'கோபத்தின் கனிகள்' எழுதிய ஜோன் ஸ்ரைன்பெக், 1940 மார்ச் மாதத்தில் தம் நண்பர் எட் றிக்கற்ஸ் என்னும் கடலுயிரியலாளருடன் 'வெஸ்ரேண் ஃபிளையர்' என்னும் மீன்பிடிப் படகை வாடகைக்கமர்த்தி, கோர்த்தெஸ் கடலில் ஏறத்தாழ ஆறு வாரங்கள் பிரயாணஞ் செய்தார். அதன் பயனாக இருவர் பெயரிலும் 'கோர்த்தெஸ் கடல்' 1941இல் வெளிவந்தது. அந்நூல் பிரயாண இலக்கியத்தில் உயர்ந்த இடத்துக்குரியது என்பதில் ஐயமில்லை. லொரேற்றோவின் மாதா சொரூபத்தை, ஏளனமின்றி, அவ்வூர் வாழ்வின் ஒரு வலிய காரணியாகக் காணும் பெருந்தன்மை அதிலுண்டு. குவைமாஸ் அருகே ஜப்பானிய இறால் கப்பல்கள் கடலடியை வழித்தெடுத்து, வேண்டாத மீனையெல்லாம் செத்தபின் கடலில் வீசியதைக் கண்டு கண்டித்த பகுதி, இன்றைய வாசகனையும் உலுக்கும். தனியுயிரை மாத்திரம் பாராது அதன் சூழலையும் உறவுகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதே அந்நூலின் தத்துவம்.

ஆனால் அத்தத்துவம் படகின் உள்ளேயே பிழைத்துவிட்டது. அப்பிரயாணத்தில் ஸ்ரைன்பெக்கின் மனைவி கரோலும் சென்றிருந்தார். நூலில் அவர் இருப்பதே தெரியாது. படகிலிருந்த ஏனைய ஆடவர் அனைவரும் குணமும் பேச்சுமுள்ள பாத்திரங்களாக நடமாட, அவர் ஒருவர் மாத்திரம் இல்லாமற் போய்விட்டார். 1948இல் றிக்கற்ஸ் புகையிரத விபத்தில் இறந்தார். 1951இல் நூலின் பிரயாணப் பகுதி தனியே வெளியானபோது ஆசிரியராக நின்றது ஸ்ரைன்பெக்கின் பெயர் மாத்திரமே. அப்பகுதி பெருமளவு றிக்கற்ஸின் நாட்குறிப்பைத் தழுவியது என்பது பின்னர் நன்கு அறியப்பட்டது. வேட்டைக்குச் சென்ற அத்தியாயத்தில், இந்திய வழிகாட்டிகள் மலையுச்சிக்கு ஏறி அலைய, விருந்தினர் நீரருகே படுத்து உரையாடுகின்றனர். வேட்டை கிட்டாமையில் அவர்கள் காணும் நகைச்சுவை மிக இனிமையானது. ஏறியவர்களின் கால்கள் அந்நகைச்சுவையில் இடம்பெறவில்லை. உழைப்பாளரின் காவியத்தை எழுதிய ஒருவருக்கே பிரயாணியின் நிலை இத்தகைய மறதியைத் தந்துவிடுமாயின், ஏனையோரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதே ஸ்ரைன்பெக், லா பாஸ் துறைமுகத்திற் கேட்ட ஒரு சிறு கதையை வைத்து 'முத்து' என்னும் குறுநாவலை 1947இல் வெளியிட்டார். அதிலே பிரயாணி இல்லை. முத்துக்குளிக்கும் இந்தியனும் அவன் மனைவியும் குழந்தையும் இருக்கின்றனர். தனித்தனி வியாபாரிகள்போல் நடித்து, உண்மையில் ஒரே முதலாளிக்கு விலைபேசும் முத்துத் தரகர் இருக்கின்றனர். பணமில்லையென்று திருப்பியனுப்பி, முத்து கிடைத்த செய்தி கேட்டபின் தேடிவரும் வைத்தியன் இருக்கின்றான். பிரயாண நூலிற் புலப்படாத உறவுகள் கதையிற் புலப்பட்டுவிட்டன. கற்பனை யதார்த்தத்தை மறைக்கும் என்பர். இங்கு 'கண்டதைக் கண்டவாறு' எழுதிய நூலைவிடக் கற்பனை நூலே யதார்த்தத்துக்கு நெருங்கி நிற்கின்றது. காரணம் தெளிவு. படகிலிருந்து பார்த்தவர், கதையில் கரையிலிருந்து பார்க்கின்றார்.

1960களின் தொடக்கத்து நூல்கள் இரண்டினையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். இயற்கைவாதியான ஜோசப் வூட் குறூச் 1961இல் 'மறக்கப்பட்ட குடாநாடு' என்னும் நூலை வெளியிட்டார். தாவரங்களையும் விலங்குகளையும் அவர் விவரிக்கும் அழகு பெரிது. தெருக்கள் கெட்டவையாயிருப்பதே இந்நிலத்தைக் காப்பாற்றுகின்றது என்பது அவருடைய எண்ணம். நல்ல தெரு எத்தனை அழிவைக் கொண்டுவரும் என அவர் அஞ்சியது முற்றிலும் பிழையன்று. ஆயினும், நோயுற்ற பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டிய ஒரு தாய்க்கும், ஆட்டுப்பாற்கட்டியைச் சந்தைக்கு அனுப்பவேண்டிய மலைக் குடியானவனுக்கும் கெட்ட தெரு இயற்கையின் காவலன் அன்று. வெறும் கெட்ட தெருவே. வந்து போகிறவனின் அழகுணர்ச்சியும் வாழ்ந்திருப்பவனின் தேவையும் மோதுமிடத்து, எதனைப் பொதுநலம் என்று நூல் அழைக்கின்றது என்பதே அதன் வர்க்கச் சார்பைக் காட்டும் அளவுகோல்.

துப்பறியும் கதைகளாற் செல்வம் குவித்த ஏள் ஸ்ரான்லி கார்ட்னர், ஹெலிகொப்டர்களின் துணையோடு சான் பிரான்சிஸ்கோ மலைத்தொடரின் குகைகளை அடைந்து, அங்குள்ள மாபெரும் ஓவியங்களைப் பற்றி 1962இல் எழுதினார். அவற்றை உலகம் 'கண்டுபிடித்தது' அன்றுதான் என்பதுபோல் ஓர் எண்ணம் பரவிற்று. அவ்வோவியங்களைப் பற்றி இயேசு சபையினர் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தனர். சாந்தா றொசாலியாவின் பிரெஞ்சுச் செப்புச் சுரங்கத்தில் பணிபுரிந்த லெயோன் டிகே என்னும் இரசாயனவியலாளர் 1890களில் ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். மலைக் குடியானவர்களோ தலைமுறை தலைமுறையாக அவற்றின் நிழலில் ஆடு மேய்த்தனர். ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனம் 1993இல் அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 'கண்டுபிடித்தல்' என்னும் சொல் பிரயாண இலக்கியத்தில் வரும்போதெல்லாம், முன்பே அறிந்திருந்தவர் எவரேனும் உளரோ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நலம்.

பெருந்தெரு திறந்தபின் வந்த நூல்களில் நாம் முதலிற் கூறிய வாய்பாடு உறுதிப்பட்டது. மெக்சிக்க அரசு குடாநாட்டின் தென்முனையை உல்லாசப் பிரயாண மையமாக வளர்த்தெடுத்தது. அத்தெருவழியே போகின்றவர் வடபாதியில் சான் கின்றீன் சமவெளியைக் கடந்தேயாக வேண்டும். தெருவின் இருமருங்கும் ஐக்கிய அமெரிக்கச் சந்தைக்கென விளையும் தக்காளியும் ஸ்ரோபெரியும். வாய்பாட்டு நூல்களில் அவ்விடம் 'அழகற்ற, தூசி நிறைந்த பகுதி. விரைந்து கடக்க' என்னும் பாங்கில் முடிந்துவிடும். அத்தூசியில் நின்று பழம் பறிப்போர் பெரும்பாலும் ஓஹாக்கா முதலிய தென்மாநிலங்களிலிருந்து வேலைதேடி வந்த மிஸ்தெக், திரிக்கி முதலான ஆதிக்குடி மக்கள். 2015 மார்ச் 17ஆம் திகதி, இந்நாட்கூலிகள் பல்லாயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் சமூகக் காப்புறுதியும் கேட்டனர். பெண் தொழிலாளர்மீது மேற்பார்வையாளர் புரியும் பாலியற் தொந்தரவுக்கு முடிவு கேட்டனர். கேட்டதோடு நில்லாது அப்பெருந்தெருவையே மறித்தனர். 'எவருமில்லை' என்று எழுதப்பட்ட தெருவில் அன்று எல்லோரும் நின்றனர்.

இன்னும் தெற்கே சென்றால் குவெரேறோ நேக்ரோ என்னும் ஊர். ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயரைக்கொண்ட அவ்வூரில், 1954இல் அமெரிக்கக் கப்பல் முதலாளி டானியல் லட்விக் தொடங்கிய உப்பளம் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. பின்னர் மெக்சிக்க அரசும் ஜப்பானிய மிற்சுபிஷி நிறுவனமும் அதன் பங்காளிகளாயின. அயலிலுள்ள சான் இக்னாசியோ களப்புக்கும் உப்பளத்தை விரிக்கத் தீட்டிய திட்டம், திமிங்கிலங்கள் குட்டியீனும் இடத்தைக் காக்கவேண்டுமென்று எழுந்த எதிர்ப்பின் பின்னர் 2000ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. நல்லதே. திமிங்கிலத்தைப் பற்றி இந்நூல்களில் அத்தியாயங்கள் உண்டு. உப்பளத் தொழிலாளியைப் பற்றிப் பந்திகள் கிடைப்பதரிது. ஒன்றுக்காக மற்றொன்றை விடவேண்டும் என்பதில்லை. இரண்டும் ஒரே களப்பின் கரையிலேயே உள்ளன.

நமது இலக்கிய மரபில் ஒரு கருத்து உண்டு. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயருறுத்தும்போது பாலை என்னும் வடிவம் கொள்கின்றன என்பார் இளங்கோவடிகள். கீழ்க் கலிபோர்னியாவின் வறட்சி இயற்கையானதே. அதனை எவரும் செய்யவில்லை. ஆனால் அதன் 'ஆளற்ற' தன்மை இயற்கையானதன்று. அது திரிந்து உண்டானது. ஆண்டும் காரணமும் சொல்லத்தக்கது. இயற்கைப் பாலையையும் செயற்கைப் பாலையையும் ஒன்றாகக் கலந்து, இரண்டையும் 'அழகிய வெறுமை' என்னும் ஒரே சொல்லால் மூடிவிடுவதே இந்நூல்களின் அடிப்படைக் குறை.

'பிரயாணி சரித்திராசிரியனா? அவன் கண்டு மகிழ்ந்ததை எழுதலாகாதா?' என்று ஒருவர் தடை எழுப்பலாம். எழுதலாம். வைகறையில் கோர்த்தெஸ் கடல் நிறம்மாறுவதை எழுதுபவன் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் 'எவருமில்லை' என்று அவன் எழுதும்போது வருணனையின் எல்லையைக் கடந்து ஒரு வரலாற்று முடிவைக் கூறிவிடுகின்றான். ஆளற்ற நிலம் என்று எழுத்தில் அறுதியிடப்பட்ட நிலம் நாளை விற்கப்படலாம், வேலியடைக்கப்படலாம், விடுதியாகலாம். கேட்க ஆளில்லையென்று முன்னமே எழுதப்பட்டுவிட்டதல்லவா? இதனாலேயே இது வெறும் நடைபற்றிய விவகாரமாக நின்றுவிடவில்லை. அழிந்துவிட்டனர் என்று பல நூல்கள் ஒரே மூச்சிற் சொல்லும் ஆதிக்குடிகளுள் கிலீவா, பாய்பாய், குமியாய், குக்கப்பா மக்கள் இன்றும் வாழ்கின்றனர். கிலீவா மொழியைப் பேசுவோர் மிகச் சிலரே. தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் பாரமும் அவர்கள் தலையிலேயே விழுகின்றது.

பிரயாணக் கட்டுரை நமது வகுப்பறைகளிலும் எழுதுவிக்கப்படுகின்றது. மாணவர் மலையையும் அருவியையும் கோயிலையும் உவமையோடு வருணித்தாற் புள்ளி கிடைக்கின்றது. அவ்வருணனையை நாம் தடுக்க வேண்டியதில்லை. அதனோடு மூன்று வினாக்களைச் சேர்த்துக் கேட்கும் பழக்கத்தை உண்டாக்கினாற் போதும்: இதனைக் கட்டியவர் யார்? இங்கு முன்பு இருந்தவர் எங்கே? இன்று இங்கு வேலை செய்பவருக்குக் கூலி என்ன? இம்மூன்றுக்கும் விடைதேடி ஒருவன் எழுதுவானாயின், அவன் நடை சற்றுக் கரடுமுரடாயினும், அது பிரயாண இலக்கியத்தில் ஒரு முன்னேற்றமே. சான் போர்ஹாவின் கற்கோயிலைப் பற்றி அத்தகைய ஒருவன் எழுதும்போது, அக்கல்லைச் சுமந்த கொச்சிமீ மக்களும் அந்நூலில் இடம்பெறுவர்.